இரத்தப் புரதங்கள் உரைக்கும் ஈரலின் நிலை

வலியால் தம் நோயை அறிவிக்கும் உறுப்புகள் சில. ஓசையின்றி நலிவுறும் உறுப்புகள் சில. கல்லீரல் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் அணுக்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் தங்குமாயின் அதனைக் கொழுப்பேறிய ஈரல் என்கிறோம். பெரும்பாலோர்க்கு அந்நிலையில் யாதொரு துன்பமும் தோன்றுவதில்லை. ஆகவே ஈரலின் செய்தியை இரத்தத்தின் வாயிலாகவே நாம் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

மைசூருக்கு இப்பொருள் அயலானதன்று. 1950ஆம் ஆண்டில் இந்நகரின் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன் காலத்தில், நிலக்கடலை மாவு முக்காற் பங்கும் கடலை மாவு காற் பங்கும் சேர்த்து, வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் கூட்டிப் ‘பல்நோக்கு உணவு’ ஒன்றை ஆக்கினர். அன்று நாட்டை வாட்டியது புரதக் குறைவு. பால்குடி மறந்தபின் வெறுங் கஞ்சியால் வளர்ந்த குழந்தைகள் சிலருக்குக் குவாஷியோர்க்கர் என்னும் நோய் கண்டது. கால் வீங்கும், வயிறு பருக்கும், ஈரலில் கொழுப்பு நிறையும். கொழுப்பை ஈரலிலிருந்து வெளியே சுமந்து செல்லவும் புரதமே வேண்டும். சுமப்பார் இல்லையேல் சரக்கு கிடங்கிலேயே தேங்கும் என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். ஈரல் படைக்கும் ஆல்புமின் என்னும் புரதமும் இரத்தத்தில் குறைந்து நிற்கும்.

இன்றோ, பெரும்பாலும் மிகுதியே காரணம். உழவும் நடையுமாக வாழ்ந்த முன்னோர் உண்ட அளவு சோற்றை, நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நாமும் உண்கிறோம். செலவாகாத மாவும் சர்க்கரையும் ஈரலில் கொழுப்பாக மாறுகின்றன. உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு இந்நிலை உண்டு. 2021இல் இந்திய அரசு தன் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இதனையும் சேர்த்தது.

இனி இரத்தப் புரதங்கள் கூறும் சான்றைக் காண்போம். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என அறிக்கைகளில் அச்சிடப்படுபவை ஈரலணுக்களுக்குள் பணிபுரியும் நொதிகள். அணுக்கள் ஊறுபட்டால் இரத்தத்தில் கசியும். இரும்பைச் சேமித்துவைக்கும் ஃபெரிட்டின் என்னும் புரதமும் கொழுப்பேறிய ஈரல் உடையோரிடம் உயர்வதுண்டு. எனினும் மதுவாலும் மஞ்சட்காமாலை விஷக்கிருமிகளாலும் இவை உயரக்கூடும். ஆல்புமினோ, நோய் பெரிதும் முற்றிய பின்னரே குறையும்.

இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். நொதிகள் எல்லைக்குள் இருப்பதாலேயே ஈரல் நலமாயிருக்கிறது என்று முடிவுசெய்ய இயலாது. ஈரலில் வடு விழுந்துள்ளதா என்பதை உய்த்துணர மருத்துவர்கள் ஒரு கணக்கைக் கையாளுகின்றனர். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்குக, இரத்தத் தட்டணுக்களை ஆயிரக்கணக்கில் கொண்டு, எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குக. முன்னதைப் பின்னதால் வகுக்க. விடை 1.3க்குக் குறைந்தால் பெரும்பாலும் அச்சமில்லை, 2.67ஐக் கடந்தால் வடு மிகுந்திருத்தல் கூடும்.

அறுபது வயதுடைய ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 25, தட்டணுக்கள் ஒன்றரை லட்சம் எனக் கொள்வோம். தனித்தனியே நோக்கின் யாவும் எல்லைக்குள் அடங்கியவை. கணக்கிட்டாலோ 2280ஐ 750ஆல் வகுக்க, 3.04 வருகிறது! இத்தகையவர் உடனே மருத்துவரை நாடி, ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் சோதனை செய்துகொள்ளல் நன்று. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு இக்கணக்கு பொருந்தாது. அறுபத்தைந்தைக் கடந்தோர்க்குத் தொடக்க எல்லை 2 ஆகும்.

வடு விழுமுன் அறிந்தால் ஈரல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். மிகை எடையுடையார் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே கொழுப்புக் கரையும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் அழற்சியும் தணியும். எண்பது கிலோ எடையுள்ளவர் நான்கு கிலோ குறைப்பது முதற்படி. சோற்றைக் குறைத்துப் பருப்பும் காயும் கூட்டுவோம், மைசூர்ப்பாகைப் பண்டிகைக்கு நிறுத்திவைப்போம், மதுவை விலக்குவோம், குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நாள்தோறும் அரைமணி விரைந்து நடப்போம். நீரிழிவும் பருமனும் உடைய நேயர்கள் தம் பழைய அறிக்கைகளை எடுத்து, மேற்கூறிய நான்கு எண்களையும் மருத்துவரிடம் காட்டுவார்களாக.