மெந்தாய்கோ: முட்டையா, சினையா?

சுஷிக் கடைப் பட்டியலில் மெந்தாய்கோ என்ற பெயரைப் பார்த்திருப்பீங்க. அதைத் தமிழில் எழுதச் சொன்னால் மாணவர்கள் பலர் ‘மீன் முட்டை’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனாலும் மீன் வயிற்றில் பையோடு இருக்கும் முட்டைத் திரளுக்கு நம்ம சமையலறைச் சொல் ‘சினை’. (இலக்கணத்தில் வரும் சினைப்பெயர் உறுப்பைக் குறிப்பது, இரண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.)

அலாஸ்கா பொல்லாக் மீனுக்குக் கொரியாவில் மியோங்தே என்று பெயர். ஜப்பானிய ‘மெந்தாய்’ அதிலிருந்து வந்ததுதான். ‘கோ’ என்றால் பிள்ளை. ஆக, மெந்தாயின் பிள்ளை! கொரியர்கள் இந்தச் சினையை உப்பும் மிளகாய்த்தூளும் சேர்த்து ஊறவைப்பார்கள், அதுதான் மியோங்னான்ஜோத். பூசானில் பிறந்து அந்தச் சுவையோடு வளர்ந்த கவஹாரா தொஷியோ என்ற ஜப்பானியர், போருக்குப் பிறகு ஃபுகுவோகாவில் கடை வைத்தார். 1949இல் இதை விற்கத் தொடங்கி, உள்ளூர்க்காரர் நாக்குக்கு ஏற்பச் சுவையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார். இன்று அது ஃபுகுவோகாவின் அடையாள உணவு.

மிளகாய் சேர்க்காமல் உப்பு மட்டும் இட்டால் அது ‘தாராகோ’. ‘தாரா’ என்றால் காட் மீன். அதற்காக மொழிபெயர்ப்பில் ‘காட் மீன் சினை’ என்று எழுதிடாதீங்க. தட்டில் இருப்பது அதே பொல்லாக் சினைதான்.