'ஏன்'னு கேட்காதீங்க பாஸ்!

'நல்லாத்தானே எழுதினேன், ஏன் ஃபெயில் போட்டீங்க?' இப்படி ஒரு ஆர்.டி.ஐ. மனு போட்டா, 'நீங்கள் கேட்பது தகவல் அல்ல'ன்னு ஒரு வரியில பதில் வரலாம். கடுப்பாகாதீங்க... சட்டப்படி அது சரியான பதில்தான்!

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ல 'தகவல்'னா ஆபீஸ்ல ஏற்கெனவே பதிவாகி இருக்கிற விஷயம். ஃபைல், உத்தரவு, இ-மெயில், ரிப்போர்ட்... இந்த மாதிரி. 2011 ஆகஸ்ட்ல சி.பி.எஸ்.இ. - ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்குல சுப்ரீம் கோர்ட் ரெண்டையும் சேர்த்தே சொல்லிடுச்சு. திருத்தின விடைத்தாளைப் பார்க்கவும், நகல் வாங்கவும் எழுதின மாணவருக்கு உரிமை உண்டு. ஆனா, ஃபைல்ல இல்லாததை உருவாக்கித் தரவோ, கருத்து சொல்லவோ அதிகாரிக்குக் கடமை இல்லை.

ஸோ, லெட்டரைப் படிக்கப்போறவர் கையில இருக்கறது பீரோ சாவி மட்டும்தான். எதை எடுக்கணும்னு சொல்லுங்க. 'இந்த மாதம் நடந்த இந்தத் தேர்வில், இந்தப் பதிவெண் கொண்ட என் திருத்தப்பட்ட விடைத்தாளின் நகல் தேவை.' மேட்டர் ஓவர்!

நம்மாளுங்க என்ன பண்றாங்க? குடும்பக் கஷ்டம், ராத்திரி முழிச்சுப் படிச்சது, ஹாஸ்டல் சாப்பாடுன்னு நாலு பக்கம். காரணமே சொல்ல வேண்டாம்னு சட்டத்தோட 6(2) பிரிவு சொல்லுது பாஸ்! 2012 விதிகள்படி மனு பொதுவா 500 வார்த்தைக்குள்ள இருக்கணும், கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். விடைத்தாளை இவ்வளவு காலம்தான் வெச்சிருப்பாங்கன்னு கணக்கு உண்டு. அழிச்சப்புறம் கேட்டா வேஸ்ட். (யு.பி.எஸ்.சி. மாதிரி தேர்வுன்னா கதை வேற. 2018-ல கோர்ட் அங்கே பிரேக் போட்டுச்சு.)

படிக்கிறது பிரைவேட் காலேஜா? விடைத்தாள் காலாப்பட்டுல, பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்துல இருந்தா மனுவும் அங்கேதான்.

இதுல பாண்டிக்காரங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் இருக்கு. கோரிமேட்டைத் தாண்டினா தமிழ்நாடு. அங்கே மாநில அரசு ஆபீஸ் மேல ரெண்டாவது அப்பீல்னா சென்னையில இருக்கற ஆணையம். நாம யூனியன் பிரதேசம், அதனால நேரா டெல்லி, மத்திய தகவல் ஆணையம்! நம்ம ரோட்டுக்காகவோ வாய்க்காலுக்காகவோ மனு போட்டாலும் இதே ரூட்தான். 'காந்தி சிலை பக்கத்துல'ன்னா இங்கே ஆட்டோக்காரருக்குக்கூடப் புரியும். டெல்லியில ஃபைலைப் பிரிக்கிறவருக்கு? தெருப் பேரு, வார்டு, வருஷம்... எல்லாத்தையும் முதல் மனுவுலயே எழுதிடுங்க.