உப்பல் மைதானம்: சொந்த இடம் கிடைத்தும் தீராத சிக்கல்

ஐதராபாத்: ஐதராபாத்தின் சர்வதேச கிரிக்கெட் போட்டிகள் முன்பு நகர மையத்திலுள்ள லால்பகதூர் மைதானத்தில் நடைபெற்றன. அது அரசு விளையாட்டு ஆணையத்தின் வசம் இருந்ததால், கிரிக்கெட் சங்கம் உப்பலில் தனக்கென மைதானம் கட்டியது.

அங்கு 2005 நவம்பரில் முதல் ஒருநாள் போட்டி நடைபெற்றது. 1988க்குப் பின் நகருக்கு மீண்டும் டெஸ்ட் வர 2010 ஆனது.

கட்டுமான நிதிக்காகப் பெயர் உரிமை பெற்ற விசாகா நிறுவனத்துடன், மைதானத்துக்கு ராஜீவ் காந்தி பெயர் சூட்டப்பட்டதால் வழக்கு மூண்டது. மின்கட்டண நிலுவை ஒன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டியதால், 2024 ஏப்ரலில் சென்னை அணியுடனான ஐபிஎல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, பின்னர் வழங்கப்பட்டது.

லோத்குண்டா ரசிகர்கள் செகந்திராபாத் சென்று, மெட்ரோவில் 'ஸ்டேடியம்' நிலையத்தை அடையலாம். பயணம் எளிதாகியுள்ளது, நிர்வாகம் சீராவதே எஞ்சியுள்ளது.