நிற்க மறுக்கும் மின்னோட்டத்துக்கு ஒரு வழி

தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலுள்ள புன்னக்காயல் போன்ற மீனவர் ஊர்களில், கரையேற்றிய படகு வரை மின்கம்பி இழுப்பது எளிதன்று என்பதால், துளையிடவும் திருகாணி முடுக்கவும் பேட்டரி டிரில் ஏற்ற கருவியாகிறது. அதன் கைப்பிடிக்குள் விசையைக் காத்து நிற்பது, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் டயோடு என்னும் சிறு உறுப்பாகும்.

கார்பன் பிரஷ் உள்ள 18 வோல்ட் டிரிலில், விரலால் அழுத்தும் விசைக்குள் மாஸ்ஃபெட் எனப்படும் மின்னணுச் சாவி அமர்ந்து, நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை விட்டும் நிறுத்தியும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எஞ்சினை நிறுத்திய பின்னும் வல்லம் சற்றுத் தூரம் ஓடுவதைப் போல, மோட்டாரின் கம்பிச்சுருளும் தன்னுள் ஓடிய மின்னோட்டத்தைத் தொடரவே முயல்கிறது. 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி, சுருங்கும் காந்தப்புலம் புதிய மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்க, செல்ல வழியில்லாத நிலையில் அது பேட்டரியின் அழுத்தத்தைப் போலப் பல மடங்கு உயர்ந்து மாஸ்ஃபெட்டைத் துளைத்துவிடும்.

மோட்டாருக்கு இணையாக, வெள்ளிக் கோடிட்ட முனை பேட்டரியின் நேர்முனையை நோக்கும்படி இணைக்கப்பட்ட டயோடு, சாவி மின்னோட்டத்தை விடும்போது தன் வழியே செல்லாதபடி தடுத்து ஒதுங்கியிருந்து, சாவி அதை நிறுத்தியதும் தன் வழியே சுழலவிட்டுத் தணிக்கிறது. சிலிக்கன் டயோடில் இதற்குச் சுமார் 0.7 வோல்ட் போதும். அதனினும் குறைந்த அழுத்தத்தில் கடத்தும் ஷாட்கி டயோடு குறைவாகவே சூடேறும். மோட்டார் பின்புறமாகச் சுழலும்போது அதன் முனைகள் இடம் மாறுவதால், டயோடைத் திசைமாற்றும் நெம்புகோலுக்கு முன்பாகவே, விசையின் பக்கத்தில் பொருத்துகின்றனர். பிரஷ் இல்லாத டிரில்களில் மாஸ்ஃபெட்டுகளுக்குள்ளேயே இயல்பாக அமைந்த டயோடுகள் இப்பணியைச் செய்கின்றன.

கடற்காற்றின் உப்பீரம் ஈயப் பற்றவைப்பை அரித்து டயோடின் இணைப்பு அறுந்தால், காவலற்ற மாஸ்ஃபெட் பெரும்பாலும் உள்ளுக்குள் ஒட்டிப்போய், விசையை லேசாகத் தொட்டாலே டிரில் முழு வேகத்தில் ஓடும். டயோடே ஒட்டிப்போனாலோ, விசையை அழுத்தியவுடன் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதன் வழியே பாய்ந்து மாஸ்ஃபெட்டைக் கருக்கிவிடும். ஆகவே மாஸ்ஃபெட்டை மாற்றும் முன், பேட்டரியைக் கழற்றி, சுருளின் குறைந்த மின்தடை அளவீட்டைக் குழப்பாதபடி மோட்டார் கம்பிகளையும் பிரித்துவிட்டு, மல்டிமீட்டரில் டயோடைச் சோதிப்பது அவசியம். ஒரு திசையில் மட்டும் கடத்துவது நல்லது, இரு திசையிலும் கடத்துவதோ எத்திசையிலும் கடத்தாததோ புதிய மாஸ்ஃபெட்டையும் பலிகொள்ளும்.