தாம்பரம் கண்ட ஐரோப்பிய யுத்தம்

1938-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், உலகின் பல தேசங்களிலிருந்தும் ஏறக்குறைய 470 கிறிஸ்தவப் பிரதிநிதிகள் தாம்பரத்தில் வந்து கூடினார்கள். அவர்கள் முதலில் கூடுவதாக இருந்த இடம் சீன தேசத்து ஹாங்சௌ நகரம். ஜப்பானியப் படைகள் சீனத்துக்குள் புகுந்துவிட்டபடியால் அங்கே மாநாட்டுக்கு வழியில்லாமற் போகவே, முந்தைய வருஷந்தான் ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டோரத்துக்குக் குடிபெயர்ந்திருந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அந்தப் பாக்கியம் வாய்த்தது. ஜான் மாட் தலைமை வகித்த அந்தச் சபையில் ஜெர்மானியரும் ஆங்கிலேயரும், ஜப்பானியரும் சீனரும், தம்தம் சர்க்கார்கள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை நன்கு அறிந்தவர்களாகவே, வேத விசாரணையில் ஈடுபட்டிருந்தார்கள். ஒன்பது மாதங்களுக்குள் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. இந்தியாவிலிருந்த ஜெர்மன் பாதிரிமார் சத்துரு தேசத்துப் பிரஜைகளாகிக் காவலில் வைக்கப்பட்டார்கள். அவர்கள் நடத்திவந்த மிஷன்கள் பெற்றோரை இழந்த பிள்ளைகளாய் நின்றன. தமிழ் நாட்டுக்கு இது புதிதன்று. முதல் யுத்தத்திலேயே தரங்கம்பாடியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட, அவர்களுடைய பொறுப்பை ஸ்வீடன் தேசத்தார் ஏற்க, அந்த நெருக்கடியிலிருந்துதான் 1919-இல் தமிழ் லுத்தரன் சபை சுதந்திரமாக உருவெடுத்தது.

அதே முதல் யுத்தத்தில், 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு பொழிந்துவிட்டுப் போன கதையைச் சென்னைவாசிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்குள் முடிந்த அந்தச் சம்பவம் கதையாக நிலைத்துவிட்டது. ஆறு வருஷம் நீடித்து, ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் தொட்ட இரண்டாவது யுத்தமோ அத்தனை சுவையான கதையாகவில்லை. நம் புறநகர்களின் உருவத்தை மாற்றியது அந்த இரண்டாவது யுத்தந்தான் என்பது என் அபிப்பிராயம்.

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு, சொத்துக்குடையவனை ஒரு வார்த்தை கேளாமலே அவன் பெயரில் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்த கணக்கப்பிள்ளையைப் போல, இந்தியாவும் யுத்தத்தில் இருக்கிறது என்று பிரகடனம் செய்தார். காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜிநாமாச் செய்தன. சென்னையில் ராஜாஜியின் மந்திரி சபை அக்டோபர் இறுதியில் விலகிற்று. மாகாண நிர்வாகம் இந்திய அரசாங்கச் சட்டத்தின் 93-ஆவது ஷரத்தின்படி கவர்னரின் கைக்கும் அவருடைய ஆலோசகர்களின் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தச் சமயத்தில் கௌரவப் பிரச்னையாகத் தோன்றிய இந்த விலகல், இரண்டரை வருஷத்துக்குப் பின் ஜனங்களின் உயிர்ப் பிரச்னையாக வந்து நின்றது. ஏனெனில், ஆபத்து வந்த வேளையில் ஜனங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவரும் கோட்டையில் இல்லை.

ஆபத்து வந்த வழியைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். லண்டனில் யுத்தத்தை நடத்தியவர்களின் கணக்கில் ஹிட்லரே முதல் சத்துரு. ஆகவே இந்திய ராணுவத்தின் தேர்ந்த டிவிஷன்கள் எகிப்திலும் எரித்ரியாவிலும் இராக்கிலும் போரிட்டுக்கொண்டிருக்க, வங்காள விரிகுடாவை எதிர்நோக்கிய நம் நீண்ட கரை பெரும்பாலும் காவலற்றுக் கிடந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-இல் ரங்கூன். அதே மாதம் 23-இல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின்மேல் ஜப்பானிய விமானங்கள் பாய்ந்தன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டதோடு, ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக்கு அருகே மூழ்கிற்று.

அந்த வாரத்தில் சர்க்கார் நடந்துகொண்ட விதத்தை எவ்வளவு தயாள சிந்தையோடு நோக்கினாலும் பாராட்டுவதற்கில்லை. ஜப்பானியக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற ஆதாரமற்ற தகவலை நம்பி, அவசியமில்லாதவர்கள் நகரை விட்டு வெளியேறலாம் என்று அறிவித்தார்கள். காரியாலயங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மூட்டை கட்டின. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி முதலிய கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கப்பற்படையோ திருகோணமலையைத் தாக்கிய கையோடு கிழக்கே திரும்பிவிட்டது. சர்க்காரே ஓடும்போது குடிகள் நிற்பார்களா? எழும்பூரிலிருந்து திருச்சிக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் போகும் ரயில்களெல்லாம் தாம்பரத்தைத் தாண்டியே தீர வேண்டும். 1931 முதல் கடற்கரை ஸ்டேஷனையும் தாம்பரத்தையும் மின்சார ரயில் இணைத்திருந்தது. அதே பாதையில்தான் பரங்கிமலைக் கண்டோன்மென்ட், மீனம்பாக்கம் விமான நிலையம், பல்லாவரம் எல்லாம் வரிசையாக இருந்தன. நகரவாசிகள் பாதுகாப்பைத் தேடிப் போன வழியும், பகைவன் முதலில் குறி வைக்கக்கூடிய இடங்களும் ஒரே தண்டவாளத்தின் மேல் இருந்தன என்பது அக்காலத்து ஏற்பாடுகளின் விசித்திரம்!

இந்தக் குழப்பத்தின் அரசியல் அர்த்தத்தை உடனே கண்டுகொண்டவர் ராஜாஜி. 1942 ஏப்ரல் 23-ஆம் தேதி சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியைக் கொண்டு இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றினார்: முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஒப்புக்கொண்டு சமரசம் காண வேண்டும், சென்னையில் ஜனப் பொறுப்புள்ள மந்திரி சபை மீண்டும் ஏற்பட வேண்டும். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் கமிட்டி முதலாவதை நிராகரித்தது. ஜூலையில் அவர் காங்கிரஸை விட்டே விலகினார். முதல் தீர்மானத்தைப் பற்றி ஆயிரம் வாதங்கள் எழுந்தன, இன்றும் எழுகின்றன. இரண்டாவதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கரையோர ஜனங்களைக் கைவிட்டு அதிகாரிகள் மலைக்கும் மேட்டுக்கும் போவதைக் கண்ட ஒருவருடைய நியாயமான கவலை அதில் இருந்தது.

குண்டைவிடக் கொடியதாக வந்தது அரிசிப் பஞ்சம். பர்மாவிலிருந்து வருஷந்தோறும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பத்து லட்சம் டன்னுக்கு மேற்பட்ட அரிசி ரங்கூன் விழுந்த மாதத்தோடு நின்றது. அரிசிக்குப் பதிலாக அங்கிருந்து வந்தவர்கள் அகதிகள். யுத்தச் செலவுக்காக அச்சடித்த நோட்டுகளின் புழக்கம் 1939-க்கும் 1945-க்கும் இடையே ஏறக்குறைய ஆறு மடங்காயிற்று; கிராக்கி மடங்கு மடங்காக ஏறிற்று. 1943-இல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். அதே வருஷத்தில் சென்னை நகரில் ரேஷன் வந்தது. ஏரிகளை நம்பிப் பயிரிட்ட செங்கற்பட்டு ஜில்லா மிராசுதாரும், பிடி அரிசிக்குக் கார்டை நீட்டிய குமாஸ்தாவும் ஒரே சட்டத்தின் இரு நுனிகளில் மாட்டிக்கொண்டார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதரிதாயிற்று, பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரி வாயுவில் முக்கி முனகி ஓடின, காலணாவின் நடுவில் துளை விழுந்தது, கச்சா பிலிம் பற்றாக்குறையால் சினிமாப் படங்களுக்குக்கூட 11,000 அடி என்று எல்லை கட்டினார்கள். (அந்தக் கட்டளை ஒன்று மட்டும் நீடித்திருக்கலாம் என்று கருதும் ரசிகர்கள் இன்றும் உண்டு.)

1944-க்குள் யுத்தத்தின் முகம் திரும்பிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் பின்வாங்கும் பாதையாக இருந்த தாம்பரம் இப்போது முன்னேறும் படைக்குப் பின்தளமாயிற்று. திருகோணமலையை மையமாகக் கொண்ட பிரிட்டிஷ் கப்பற்படையின் விமானங்களைப் பேணுவதற்காக ராயல் நேவி இங்கே ஒரு விமான நிலையம் அமைத்து, தன் வழக்கப்படி அதையும் ஒரு கப்பலாகவே பாவித்து, ஹெச்.எம்.எஸ். வல்லூறு என்று தமிழ்ப் பெயரே சூட்டிற்று. கோயம்புத்தூரில் இருந்ததற்குக் கருடன் என்று பெயர். யுத்தம் முடிந்ததும் மாலுமிகள் போய்விட்டார்கள், ஓடுபாதை போகவில்லை. 1954-இல் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான இந்திய விமானப் படையின் பள்ளி அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது.

ரேஷனும் அவ்விதமே தங்கிவிட்டது. ஜெர்மனியும் ஜப்பானும் 1945-இல் சரணடைந்தன. 1947-இல் ஆட்சி மாறிற்று. அரிசிக் கட்டுப்பாடு மட்டும் மாறி மாறி உருவெடுத்து, பொதுத் தேர்தலில் காங்கிரஸ் சென்னையில் பெரும்பான்மை இழப்பதற்கு ஒரு காரணமாகும் அளவுக்கு ஜனங்களை வாட்டிற்று. 1952-இல் மீண்டும் முதன் மந்திரியாக வந்த ராஜாஜி, உணவு இலாகாவினரின் அச்சங்களைப் பொருட்படுத்தாமல், ஜூன் மாதத்தில் அதை எடுத்தெறிந்தார்.