சதுர அடி விலையில் காணாமல் போகும் மனை

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஃபிளாட் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: சதுர அடி என்ன விலை? சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலை நெடுகிலும் நிற்கும் விளம்பரப் பலகைகளும் அந்த ஒரு கேள்விக்கே பதில் சொல்கின்றன. ஆனால் அது எதன் சதுர அடி? கட்டடத்தின் சதுர அடி. அதிலும் படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி எல்லாவற்றிலும் நம் தலைக்கு வரும் பங்கைச் சேர்த்துச் சொல்லும் 'சூப்பர் பில்ட்-அப்' கணக்கு. ஃபிளாட் வாங்கும்போது நம் பெயருக்கு வருவது இரண்டு சொத்து. ஒன்று, குடியிருக்கும் கட்டடப் பகுதி. மற்றொன்று, அந்தக் கட்டடம் நிற்கும் மனையில் பிரிபடாத பாகம். புரோக்கர்கள் வாயில் அது யூ.டி.எஸ். கட்டடம் குடிபுகுந்த நாளிலிருந்தே பழசாகிறது. விலை ஏறுவது மனைதான். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து விற்கப் போகும்போது 'பக்கத்து மனை இரண்டு மடங்கு ஆகிவிட்டது, நம் ஃபிளாட் மட்டும் ஏன் ஏறவில்லை' என்று புலம்புகிறவர்கள் பலர், வாங்கிய அன்று இந்த இரண்டாவது எண்ணைக் கேட்காதவர்கள்.

இந்த எண் வரவரச் சுருங்குகிறது என்பதுதான் இன்னும் முக்கியமான சேதி. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதை எஃப்.எஸ்.ஐ. என்பார்கள். முன்பு சாதாரண அடுக்குமாடிகளுக்கு அது 1.5. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய அளவுப்படி முழுதாகக் கட்டிய இடத்தில் ஆயிரம் சதுர அடிக்கு ஏறத்தாழ 667 சதுர அடி மனை சேர்ந்தது. இரண்டு என்றால் 500. உயர்மாடியில் 308 சதுர அடிதான் தேறும். நகரம் நெருங்கும்போது மேலே கட்டாமல் முடியாது. விதியில் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அம்பத்தூர் உட்தெருவில் இருக்கும் மூன்று மாடிப் பழைய ஃபிளாட்டையும், பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் எழும் உயர்மாடி வீட்டையும் ஒரே சதுர அடி விலையால் ஒப்பிடுவது தவறு என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டிலும் வாங்கப்படும் சரக்கே வேறு.

ஒப்பிட ஒரு வழி உண்டு. கேட்கும் விலையிலிருந்து கட்டுமானச் செலவைக் கழியுங்கள். மிச்சத்தை மனைப்பங்கால் வகுங்கள். உதாரணத்துக்கு, ஆயிரம் சதுர அடி வீடு 60 லட்சம், கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு 25 லட்சம் போனால் மிச்சம் 35 லட்சம். யூ.டி.எஸ். 500 சதுர அடி என்றால், மனையைச் சதுர அடி 7,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். 300 என்றால் ஏறக்குறைய 11,700 ரூபாய்க்கு. அதே தெருவில் காலி மனை என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்து இந்தத் தொகையோடு வைத்துப் பாருங்கள். பில்டரின் லாபமும் நீச்சல் குளத்தின் விலையும் எவ்வளவு என்பது பளிச்சென்று தெரியும். பழைய ஃபிளாட்டை விற்பவருக்கும் இந்தக் கணக்கே துணை. கட்டடத்துக்குத் தேய்மானம் போட்டுக் குறைத்துப் பேச வருகிறவரிடம், மனையைக் காட்டிப் பேரம் பேசலாம்.

மெட்ரோ வந்தால் எல்லாம் ஏறிவிடுமே என்பார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் நீளும் இரண்டாம் கட்ட மெட்ரோ வழித்தடத்தை நம்பியே போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கம் வியாபாரம் நடக்கிறது. ரயில் வந்தால் விலை ஏறும் என்பது உண்மைதான். ஏறுவது நிலத்தின் விலை. அந்த ஏற்றத்தில் நமக்கு வருவது நம் மனைப்பங்கின் அளவுக்கு மட்டுமே. அதோடு, ரயில் வரும் இடத்துக்குப் புதுக் கட்டடங்களும் வரும். பத்து வயதான வீட்டை விற்கிறவர் அடுத்த தெருவின் புத்தம்புது வீட்டோடு போட்டி போட வேண்டியிருக்கும். பதிவுச் செலவும் புது வீட்டுக்கே சாதகம். 2023 டிசம்பர் முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனையை மனையும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். மறுவிற்பனையில் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். மனைக்குத் தனிப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்றிருந்த காலத்தில் மனைப்பங்கு தானாகவே கண்ணில் பட்டது. இப்போது எல்லாம் ஒரே தொகைக்குள் அடங்கிவிடுவதால் தேடித்தான் பார்க்க வேண்டும்.

'குடியிருக்கத்தானே வாங்குகிறோம், விற்கவா போகிறோம்?' என்பது நியாயமான மறுப்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்கு ஷிஃப்ட் முடிந்து கால் மணி நேரத்தில் வீடு வந்து சேர்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதை மனைக் கணக்கால் அளக்க முடியாது. திருநின்றவூர் தாண்டி மனை வாங்கிப் போடு என்று அவரிடம் சொல்வதும் வீண். ஆனால் விற்காதவருக்கும் கட்டடம் ஒருநாள் முடியும். 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட அது வழி செய்கிறது. அப்படி இடித்துக் கட்ட ஒரு பில்டர் ஏன் முன்வருவார்? பழைய அளவில் கட்டிய இடத்தில் இன்னும் கூடுதலாகக் கட்டி விற்க இடமிருப்பதால்தான். கொரட்டூரில் நிற்கும் பழைய எட்டு வீட்டு பிளாக்குக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. ஏற்கெனவே உச்ச அளவு கட்டி முடித்த உயர்மாடியில் பில்டருக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியை விற்பனை அலுவலகங்களில் யாரும் எழுப்புவதில்லை.

மனை என்றால் அளவு மட்டுமல்ல, கிடப்பும்தான். இந்தப் பகுதி ஏரிகளின் நாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை அம்பத்தூர் தொழிற்பேட்டையையும் கொரட்டூரையும் மூழ்கடித்தது. தாழ்ந்த இடத்தில் எத்தனை சதுர அடி பங்கு இருந்தும் வாங்க வருகிறவர் தயங்கத்தான் செய்வார். கட்டடத்தின் உறுதியோ இன்னும் பெரிய கேள்வி. 2014 ஜூன் 28 அன்று போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் ஜோடிக் கட்டடத்தையும் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

சட்டப் பாதுகாப்புக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா இருக்கிறதே என்று முழுக்க நம்பிவிடவும் முடியாது. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில் கட்டுவதற்கும், எட்டு வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கும் அங்கே பதிவு கட்டாயமில்லை. அம்பத்தூர், ஆவடி உட்தெருக்களில் எழும் சிறு பிளாக்குகளில் பல இந்த வரம்புக்குள் வருபவை. அங்கே வாங்குகிறவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா வீடுகளின் பாகத்தையும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா, அல்லது பில்டர் தமக்கென்று கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாரா என்று கூட்டிப் பார்க்க ஒரு காகிதமும் பேனாவும் போதும். ரெராவில் பதிந்த திட்டமானால், விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எந்தத் திட்டமானாலும் முன்பணம் கொடுக்கும் முன் வரைவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். சொத்து விவரத்தில் மனைப்பங்கு எத்தனை சதுர அடி என்ற இடம் காலியாக இருந்தால், பணத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.