ஊர் ஊராக ஆடிய தினேஷ் கார்த்திக்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் நம்மவர்களின் பயோடேட்டாவை எடுத்துப் பாருங்கள். நாலைந்து கம்பெனிப் பெயராவது இருக்கும். சென்னை, ஹைதராபாத், புனே என்று சுற்றிவிட்டு ஓசூர் ரோட்டில் வந்து இறங்கியவர்கள் நம்மில் பலர், நானும் அப்படித்தான். அதனாலோ என்னவோ, ஒரே அணியில் ஆடி ஓய்ந்த ஜாம்பவான்களைவிட அணி அணியாக மாறிய ஆட்டக்காரர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அமெரிக்க பேஸ்பாலில் இத்தகையவரை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். பயணத்தைக் குறிக்கும் சொல் போலத் தோன்றும். உண்மையில் ‘நாள்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தொழிலைக் கற்று முடித்தும் சொந்தப் பட்டறை இல்லாமல், அடுத்தவர் பட்டறையில் நாள்கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்தப் பெயர். எட்வின் ஜாக்சன் என்ற பந்துவீச்சாளர் 2003 முதல் 2019 வரை 14 மேஜர் லீக் அணிகளுக்கு ஆடினார். தொழில் தெரியாதவரை யாராவது 14 முறை வேலைக்குக் கூப்பிடுவார்களா?

நம் பக்கத்தில் இதற்குச் சரியான உதாரணம் தினேஷ் கார்த்திக். 2008 முதல் 2024 வரை ஐ.பி.எல். நடந்த 17 ஆண்டுகளும் ஆடினார். 257 ஆட்டங்கள், 6 அணிகள். டெல்லி, பஞ்சாப், மும்பை, மறுபடி டெல்லி, பெங்களூர், குஜராத், கொல்கத்தா, மறுபடி பெங்களூர். சென்னையில் பிறந்த பையனுக்குச் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டை மட்டும் கிடைக்கவே இல்லை.

ஏன் என்று கேட்டால் பதில் ஒரே பெயர்: தோனி. பேட்ஸ்மேன் என்றால் அணியில் ஆறு இடம் உண்டு. விக்கெட் கீப்பருக்கு ஒன்றுதான். கார்த்திக் 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் தன் முதல் ஒருநாள் ஆட்டத்தை ஆடினார். மூன்றே மாதத்தில் தோனி வந்துவிட்டார். 2005 டிசம்பரில் டெஸ்ட் அணியிலும் கார்த்திக்கின் இடம் தோனிக்குப் போனது. அந்த ஆட்டம் நடந்த இடம் எது தெரியுமா? சேப்பாக்கம்! 2008 ஏலத்தில் சென்னை அணியும் தோனியை எடுத்துக்கொண்டது. சொந்த ஊரில் கதவு சாத்தியாச்சு.

ஏலத்தில் ஆட்டக்காரர் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை, அணிதான் அவரை எடுக்கிறது. விலையும் அவர் திறமையை மட்டும் காட்டுவதில்லை. அன்றைக்கு எத்தனை அணிகளுக்குக் கீப்பர் தேவை, யார் கையில் எவ்வளவு பணம் மிச்சம் என்பதையும் பொறுத்தது. 2014-இல் டெல்லி 12.5 கோடி கொடுத்தது. அடுத்த ஆண்டு பெங்களூர் 10.5 கோடி. அந்த சீசனில் 16 ஆட்டங்களில் 141 ரன்தான். பெங்களூர் அவரை விடுவித்தது. 2016-இல் குஜராத் தந்த விலை 2.3 கோடி. அப்ரைசலில் அடி வாங்கியவர்களுக்கு இந்த இறக்கம் புரியும்.

டெஸ்ட் அணிக்கு அவர் திரும்பியது எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2018 ஜூனில். ஆப்கானிஸ்தானுக்கு எதிரான அந்த ஆட்டம் நம்ம சின்னசாமி மைதானத்தில்தான். அதற்கு மூன்று மாதம் முன்பு கொழும்பில், வங்கதேசத்துக்கு எதிரான நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் 2 ஓவரில் 34 ரன் தேவைப்பட்டபோது இறங்கினார். 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர். இதைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார்.

ஆனால் என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை 2022. முந்தைய ஆண்டு இங்கிலாந்தில் மைக் பிடித்து வர்ணனை செய்தவரை, ‘ரிட்டயர் ஆயிட்டார்’ என்றே பலர் முடிவு கட்டியிருந்தார்கள். பெங்களூர் 5.5 கோடிக்கு எடுத்தது. இளமையில் தொடக்க ஆட்டக்காரராகவும் ஆடியவர், இப்போது கடைசி நான்கைந்து ஓவருக்கென்றே தன்னைத் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த வேலைக்குக் கணக்கே வேறு. நிதானமாக எடுக்கும் அரை சதத்தைவிட 12 பந்தில் 25 ரன் அங்கே மதிப்பு மிக்கது. அந்த சீசனில் 330 ரன், 100 பந்துக்கு 183 ரன் என்ற வேகம். 37 வயதில் மறுபடி இந்திய அணி! 2006-இல் இந்தியாவின் முதல் டி20 ஆட்டத்தில் ஆட்ட நாயகனாக இருந்தவர், சர்வதேச டி20-யில் முதல் அரை சதத்தை 2022 ஜூனில்தான் அடித்தார்.

2024 ஏப்ரல் 15 அன்று சின்னசாமியில் ஹைதராபாத் 287 ரன் குவித்தது. பதிலுக்கு கார்த்திக் 35 பந்தில் 83. பெங்களூர் 262 எடுத்துத் தோற்றது. தோற்ற அணியில் இருந்தவருக்குத்தான் அன்றைக்கு அத்தனை கைதட்டல். அந்த ஜூன் 1, தன் 39-ஆவது பிறந்தநாளில், ஓய்வை அறிவித்தார். ஒரு காலத்தில் அவரை விடுவித்த அதே பெங்களூர் அணி, பேட்டிங் பயிற்சியாளராகவும் ஆலோசகராகவும் வைத்துக்கொண்டது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் அந்த அணி முதன்முறையாகக் கோப்பையை வென்றபோது, சென்னைக்காரர் பெங்களூர் சட்டையில்தான் இருந்தார்.